டிரோன் படமும் டிரையல் பேலன்ஸும்

"டிரோன் எடுத்த படம் சார், அது எங்கே பொய் சொல்லப் போகிறது?"

மனை விற்பவர்கள், வீடு கட்டி விற்பவர்கள், அவர்களுக்குப் படம் எடுத்துக் கொடுப்பவர்கள், ஊரிலிருந்து வாட்ஸ்அப்பில் படம் அனுப்பும் மச்சான்கள் என்று எல்லாரும் ஒரே குரலில் சொல்கிற வாக்கியம் இது. என் பதில்: சொல்லும். அதிலும் கோணலை எல்லாம் நேராக்கி, அழகாகத் திருத்தி அனுப்பிய படம் இன்னும் தைரியமாகச் சொல்லும்.

முதலிலேயே ஒரு டிஸ்கி. அடியேன் புகைப்படக்காரன் இல்லை. பி.காம். முடித்து வங்கியில் சேர்ந்து, ஊர் ஊராக மாற்றலாகி, இப்போது நாக்பூரில் வீட்டுக்கடன் ஃபைல்களைப் புரட்டிக்கொண்டிருப்பவன். ஆனால் இந்த விஷயத்துக்குப் பெரிய படிப்பு எதுவும் வேண்டாம். எட்டாம் வகுப்பில் படித்த வடிவொத்த முக்கோணங்கள் போதும். நம்மைப் போல ஊரைவிட்டுத் தள்ளி இருப்பவர்கள்தான் இதை முக்கியமாகத் தெரிந்துகொள்ள வேண்டும். உள்ளூர்க்காரன் செருப்பை மாட்டிக்கொண்டு போய் மனையை மிதித்துப் பார்த்துவிடுவான். ஆயிரம் கிலோமீட்டர் தள்ளி இருக்கும் நாம்தான் படத்தைப் பார்த்து அட்வான்ஸ் அனுப்புகிறோம்.

காமர்ஸ் படித்தவர்களுக்கு டிரையல் பேலன்ஸ் நினைவிருக்கும். பற்றும் வரவும் சமமாகிவிட்டால் கணக்கு சரி என்று முதல் வருடத்தில் நினைப்போம். இரண்டாம் மாதமே வாத்தியார் அந்த நினைப்பில் மண்ணைப் போடுவார். ஒரு தப்பை இன்னொரு தப்பு ஈடுகட்டினாலும் அது சமமாகும். மெஷின் வாங்கிய செலவைப் பழுதுபார்ப்புச் செலவில் எழுதினாலும் சமமாகும். சமமாகாத டிரையல் பேலன்ஸைப் பார்த்தால் தப்பு இருக்கிறது என்று தெரியும், தேடுவோம். சமமாகிவிட்ட தப்பான டிரையல் பேலன்ஸைத்தான் யாரும் தேடமாட்டார்கள். திருத்திய டிரோன் படம் இந்த இரண்டாவது வகை.

ஏன் என்று சொல்கிறேன். டிரோன் படத்தில் இருப்பது ஒரு கோணல் இல்லை, மூன்று. மூன்றுக்கும் காரணம் வேறு, மருந்தும் வேறு. சந்தையில் "கரெக்ஷன் பண்ணியாச்சு" என்று சொல்வது பெரும்பாலும் முதலாவதை மட்டும். சில சமயம் இரண்டாவதையும் கண்ணுக்கு அழகாகத் தட்டி வைத்திருப்பார்கள். மூன்றாவதை ஒற்றைப் படத்தில் எந்தப் பட்டனாலும் நீக்க முடியாது.

முதலாவது லென்ஸின் கோணல். அகன்ற கோண லென்ஸில் நேர்க்கோடு வெளிப்பக்கமாக வளைந்து பீப்பாய் மாதிரி தெரியும். 2013இல் வந்த டிஜேஐ ஃபாண்டம் 2 விஷன் மாதிரியான டிரோன்களில் தொடுவானமே வில் மாதிரி வளைந்திருக்கும், பார்த்திருப்பீர்கள். 2015இல் ஃபாண்டம் 3 வந்தபோது இது நன்றாகக் குறைந்தது. மிச்சம் இருப்பதைக் கணக்குப் போட்டு எடுத்துவிடலாம். ஒரு புள்ளி படத்தின் நடுவிலிருந்து எவ்வளவு தள்ளி இருக்கிறதோ, அதைப் பொறுத்து எவ்வளவு இடம் பெயர்ந்திருக்கும் என்பதற்கு டுவேன் பிரவுன் என்ற அமெரிக்கர் 1966இல் எழுதிய சமன்பாட்டு முறையைத்தான் இன்றைக்கும் மென்பொருள்கள் பயன்படுத்துகின்றன. கறுப்பு வெள்ளைச் சதுரக் கட்டங்களைப் படம் பிடித்து, கட்டங்கள் எவ்வளவு வளைகின்றன என்று பார்த்து, லென்ஸுக்கான எண்களைக் கண்டுபிடிப்பார்கள். லைட்ரூமில் ஒரு டிக் போட்டால் வேலை முடிந்தது. பல டிரோன்களில் கேமராவே இதைச் செய்துவிட்டுத்தான் படத்தைக் கொடுக்கிறது. இந்தத் திருத்தம் நல்ல திருத்தம், நேர்மையான திருத்தம். என் சண்டை இதோடு இல்லை.

இரண்டாவது கேமரா சாய்வின் கோணல். கேமரா செங்குத்தாகக் கீழே பார்க்காமல் கொஞ்சம் சாய்ந்திருந்தால், பக்கத்தில் இருப்பது பெரிதாகவும் தள்ளி இருப்பது சிறிதாகவும் தெரியும். கொஞ்சம் என்றால் எவ்வளவு? டிரோன் 100 மீட்டர் உயரத்தில், கேமரா வெறும் 5 பாகை சாய்வு என்று வைத்துக்கொள்ளுங்கள். படத்தின் நடுவிலிருந்து ஏறத்தாழ 50 மீட்டர் மேலே ஒரு மனை, 50 மீட்டர் கீழே ஒரு மனை. இரண்டும் தரையில் ஒரே அளவு. படத்தில் இரண்டுக்கும் ஏறத்தாழ 9 விழுக்காடு வித்தியாசம் வரும். கீழே உள்ளது 30 அடி என்றால் மேலே உள்ளது 27½ அடியாகத் தெரியும். 5 பாகைச் சாய்வைக் கண்ணால் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இதற்கும் மருந்து உண்டு. தரையில் நாலு புள்ளிகளின் உண்மையான இடம் அளந்து தெரிந்தால், தரை மட்டமாக இருக்கும் பட்சத்தில், படத்தை இழுத்துச் சரிசெய்யலாம். நடப்பது என்ன? நாலு புள்ளியை யாரும் அளப்பதில்லை. மனையின் நாலு மூலையையும் மௌஸால் பிடித்து இழுத்து, கண்ணுக்குச் செவ்வகமாகும் வரை நீட்டுகிறார்கள். எந்த நாலு மூலை வடிவத்தையும் இப்படி இழுத்தால் செவ்வகமாக்கிவிடலாம். உண்மையிலேயே ஒரு பக்கம் குறுகி, மூலை இழுத்துக்கொண்டு நிற்கும் மனையும் படத்தில் அட்டைப்பெட்டி மாதிரி அம்சமாக உட்கார்ந்துவிடும். வாஸ்து பார்ப்பவருக்கும் திருப்தி :-) இல்லாத கோணலை நீக்குகிறேன் என்று இருக்கிற கோணலை மறைப்பதற்குத் திருத்தம் என்று பெயர் வைத்திருக்கிறார்கள்.

மூன்றாவதுதான் முக்கியமான மேட்டர். உயரத்தால் வரும் கோணல். லென்ஸ் சுத்தம், கேமராவும் தூக்குக்குண்டு விட்ட மாதிரி செங்குத்து என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் தரையில் இருப்பதும், தரையிலிருந்து உயர்ந்து நிற்பதும் ஒரே அளவுகோலில் விழாது.

டிரோன் 100 மீட்டர் உயரம். கீழே 12 மீட்டர் உயரமுள்ள நாலு மாடிக் கட்டடம். தரை கேமராவுக்கு 100 மீட்டர் தூரத்தில் இருக்கிறது, மொட்டைமாடி 88 மீட்டரில். 100ஐ 88ஆல் வகுத்தால் 1.136. நீளமும் இந்த மடங்கு பெருகும், அகலமும் பெருகும். ஆக, தரைக்குப் போட்ட அளவுகோலை வைத்து அளந்தால் 1,000 சதுர அடி மொட்டைமாடி ஏறத்தாழ 1,290 சதுர அடியாகத் தெரியும். 29 விழுக்காடு கூடுதல்! எந்த வங்கியும் இந்த வட்டிக்குக் கடன் கொடுப்பதில்லை.

பெருப்பது மட்டுமில்லை, கட்டடம் சாயவும் செய்யும். டிரோனுக்கு நேர் கீழே உள்ள புள்ளியிலிருந்து 60 மீட்டர் தள்ளி அந்தக் கட்டடத்தின் விளிம்பு இருந்தால், மொட்டைமாடியின் விளிம்பு தன் அடித்தளத்திலிருந்து 8 மீட்டருக்கு மேல் வெளிப்பக்கம் தள்ளி விழும். கிட்டத்தட்ட 27 அடி. ஒரு தெருவையே விழுங்கிவிடும்.

நிற்க. இது ஏதோ கணக்குப் புலிகள் பேசிக்கொள்ளும் விஷயம் என்று நினைக்காதீர்கள். எங்கள் குடியிருப்பில் திருநெல்வேலிப் பக்கத்து நண்பர் ஒருவர் இருக்கிறார். ஊரில் பூர்வீக வீடு. இவர் வீட்டுக்கும் பக்கத்து வீட்டுக்கும் நடுவில் ஒரு முடுக்கு. பக்கத்து வீட்டுக்காரர் பழைய ஓட்டு வீட்டை இடித்து மாடி எழுப்பியிருந்தார். கல்யாண வீடியோ எடுக்கும் பையன் ஒருவன் மேலிருந்து எடுத்த படத்தில் சிவப்புக்கோடு போட்டு, தம்பி இவருக்கு அனுப்பிவிட்டார். "பாருங்க அண்ணாச்சி, முடுக்கு பூரா அவன் வீட்டுக்குள்ள போயிட்டு" என்று போனை நீட்டினார் நண்பர். வக்கீல் நோட்டீஸ் தயாராகிக்கொண்டிருந்தது. இரண்டு குடும்பமும் மூன்று தலைமுறையாகப் பொங்கலுக்குப் பானை மாற்றிக்கொள்கிறவர்கள்.

"அண்ணாச்சி, டிரோன் எங்கே நின்னு எடுத்தது?" என்று கேட்டேன். விசாரித்ததில், பக்கத்து வீட்டுக்கும் அந்தப் பக்கம், தெருமுனையில், ஏறத்தாழ 60 மீட்டர் உயரத்தில். மாடி வீட்டின் உயரம் 7 மீட்டர். முடுக்கு ஓரச் சுவர் டிரோனுக்கு நேர் கீழ்ப் புள்ளியிலிருந்து 30 மீட்டர் இருக்கும். கணக்குப் போட்டால் மாடியின் விளிம்பு ஏறத்தாழ 4 மீட்டர், அதாவது 13 அடி, முடுக்குப் பக்கம் சாய்ந்து விழ வேண்டும். முடுக்கே அவ்வளவு அகலம் கிடையாது. படத்தில் அது காணாமல் போனதில் ஆச்சரியம் என்ன? அதே டிரோனை முடுக்குக்கு நேர் மேலே நிறுத்தி எடுத்தால் ஆக்கிரமிப்பு மறைந்துவிடும். இவர்கள் வீட்டுக்கு அந்தப் பக்கம் நிறுத்தியிருந்தால் இவர்கள்தான் முடுக்கை விழுங்கினதாகத் தெரியும். தாலுகா சர்வேயருக்குப் பணம் கட்டி அளந்தார்கள். முடுக்கு முழுசாக இருந்தது. நோட்டீஸ் போகவில்லை. ஆனால் அந்தப் படம் ஊர் குரூப்பில் ஏற்கெனவே சுற்றிவிட்டது. பானை மாற்றம் இன்னும் பழையபடி ஆகவில்லை.

கவனியுங்கள், அந்தப் படத்தில் தொடுவானம் வளையவில்லை, சுவர்கள் வளையவில்லை. லென்ஸ் திருத்தம் அருமையாக நடந்திருந்தது. அதனால்தான் எல்லாரும் நம்பினார்கள். மீன்கண் மாதிரி வளைந்த படமாக இருந்திருந்தால் தம்பியே "இதை வெச்சு என்ன சொல்ல முடியும்" என்று விட்டிருப்பார். அரைத் திருத்தம் செய்கிற வேலை இதுதான். கண்ணில் படும் தப்பை எடுத்துவிட்டு, கண்ணில் படாததை விட்டுவைத்து, படத்துக்கு வரைபடத்தின் வேஷத்தைப் போட்டுவிடுகிறது.

அடுத்து விளம்பரப் படங்கள். இங்கே நாக்பூரில் வார்தா ரோடு, உம்ரேட் ரோடு பக்கம் லேஅவுட் விளம்பரங்கள் பார்க்கிறேன். நம் ஊர் நாலுவழிச் சாலையோர மனைப் பிரிவு விளம்பரங்களும் அதே அச்சுதான். மனைக்குப் பின்னாலேயே நெடுஞ்சாலை, கை நீட்டினால் தொடலாம் போல இருக்கும். இதில் லென்ஸைத் திட்டிப் பயனில்லை. தூரத் தோற்றத்தை முடிவு செய்வது கேமரா நிற்கும் இடம். மனைக்கும் நெடுஞ்சாலைக்கும் 1 கிலோமீட்டர் இடைவெளி என்று வையுங்கள். டிரோன் மனைக்கு 50 மீட்டரில் நின்றால் சாலை 1,050 மீட்டரில் இருக்கிறது. அதாவது 21 மடங்கு தூரம். அது நூல் மாதிரித் தெரியும். அதே டிரோன் 500 மீட்டர் பின்னால் போய் ஜூம் போட்டால் சாலை 1,500 மீட்டரில், வெறும் 3 மடங்கு. இப்போது சாலை மனையை ஒட்டி வந்து நிற்கும். இடைவெளி இரண்டிலும் அதே 1 கிலோமீட்டர்தான். 2021 நவம்பரில் வந்த மேவிக் 3 மாதிரி டிரோன்களில் தொலைநோக்கு லென்ஸும் சேர்ந்தே வருகிறது. இதைத் திருத்த எந்த மென்பொருளும் கிடையாது. ஏனென்றால் படத்தில் தப்பே இல்லை. அதைக் காட்டி "ஹைவே டச்" என்று சொல்கிற வாயில்தான் தப்பு.

"சும்மா ஒரு ஐடியாவுக்குத்தானே சார், யார் படத்தை வைத்து அளக்கப் போகிறார்கள்?" என்பார்கள். ஐடியாவுக்கு என்றால் எனக்கு ஒரு ஆட்சேபமும் இல்லை. கோவில் தேர், கல்யாண ஊர்வலம், மழை பெய்த ஏரி என்று எதை வேண்டுமானாலும் எடுங்கள், நேராக்குங்கள், வண்ணம் ஏற்றுங்கள். 2013இல் லைட்ரூம் 5இல் வந்த நேராக்கும் பட்டனை அழுத்தித் தேயுங்கள். ஆனால் படத்தின் மேல் சிவப்புக்கோடு போட்டு, கோட்டின் பக்கத்தில் 40 அடி, 60 அடி என்று எழுதிய நிமிஷம் அது ஐடியா இல்லை, ஆவணம். ஆவணத்துக்கு உரிய பொறுப்பை ஏற்க வேண்டும்.

எங்கள் ஆட்களையும் விடுவதாக இல்லை. ஒற்றை டிரோன் படத்தை ஒட்டி, அதன் மேலேயே அம்புக்குறி போட்டு அளவு எழுதிய மதிப்பீட்டு அறிக்கைகளைப் பார்த்திருக்கிறேன். கடன் தொகை சதுர அடியில் தொங்குகிறது. அந்தச் சதுர அடி எங்கிருந்து வந்தது என்று கேட்காமல் கையெழுத்துப் போடுவது, வவுச்சர் பார்க்காமல் செலவை பாஸ் பண்ணுவதற்குச் சமம்.

அப்படியானால் டிரோனை வைத்து அளக்கவே முடியாதா? முடியும், பிரமாதமாக முடியும். மத்திய அரசின் ஸ்வாமித்வா திட்டமே அதுதான். 2020 ஏப்ரல் 24 அன்று அறிவித்தார்கள். கிராமக் குடியிருப்புப் பகுதிகளை டிரோனால் அளந்து சொத்து அட்டை தரும் திட்டம். முதல் கட்ட மாநிலங்களில் நான் இருக்கும் மகாராஷ்டிராவும் ஒன்று. அவர்கள் எப்படிச் செய்கிறார்கள் என்று பாருங்கள். பறக்க விடுவதற்கு முன்னாலேயே ஊர்க்காரர்களை வைத்துக்கொண்டு எல்லைகளில் சுண்ணாம்புக் கோடு போடுகிறார்கள். சர்வே ஆஃப் இந்தியா நிறுவியிருக்கும் நிலையங்களின் துணையோடு இடங்களைத் துல்லியமாகக் குறிக்கிறார்கள். ஒன்றன்மேல் ஒன்று படியும்படி நிறையப் படங்கள் எடுத்து, ஒரே புள்ளியைப் பல இடங்களிலிருந்து பார்த்து, அதன் உயரத்தையும் கணக்கிடுகிறார்கள். அந்த உயரத்தை வைத்து ஒவ்வொரு புள்ளியையும் அதன் சொந்த இடத்தில் உட்கார வைக்கிறார்கள். இதைத்தான் ஆர்த்தோ படம் என்கிறார்கள். அப்புறமும் ஊரில் போய்ச் சரிபார்க்கிறார்கள், ஆட்சேபம் கேட்கிறார்கள். மூன்று கோணலுக்கும் மருந்து கொடுத்த பிறகும் அவர்கள் ஆட்சேபம் கேட்கிறார்கள். ஒரு டிக் போட்டவர் "டிரோன் பொய் சொல்லாது" என்கிறார்!

ஆர்த்தோ படம் என்று சொன்னதும் கண்ணை மூடிக் கும்பிடவும் வேண்டாம். தரையின் உயரத்தை மட்டும் வைத்துச் செய்திருந்தால் கட்டடங்கள் அதிலும் சாய்ந்தே நிற்கும். கட்டடத்தின் உயரமும் கணக்கில் சேர்ந்ததா என்று கேட்க வேண்டும்.

ஆகவே மக்களே, யாராவது டிரோன் படத்தைக் காட்டி நிலமோ வீடோ பேசினால் இவற்றைக் கேளுங்கள்.

1. இது ஒற்றைப் படமா, பல படங்களைச் சேர்த்துச் செய்த ஆர்த்தோ படமா? ஒற்றைப் படம் என்றால் அளவு பேச்சே வேண்டாம்.

2. எந்த உயரத்திலிருந்து, எந்த இடத்துக்கு நேர் மேலே நின்று எடுத்தது? பெரும்பாலான டிரோன்களில் இந்த விவரம் படக் கோப்பிலேயே பதிவாகிறது. ஆனால் வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் அது உதிர்ந்துவிடும். ஒரிஜினல் கோப்பைக் கேளுங்கள். கொடுக்கத் தயங்கினால் அதுவே ஒரு பதில்.

3. தரையில் புள்ளிகள் அளந்தார்களா? எத்தனை, யார் அளந்தது?

4. சிவப்புக்கோட்டை எதைப் பார்த்துப் போட்டார்கள்? தமிழ்நாட்டு நிலம் என்றால் எஃப்.எம்.பி. படத்தோடு ஒப்பிடச் சொல்லுங்கள். பட்டாவையும் எஃப்.எம்.பி.யையும் அரசு இணையதளத்திலேயே நீங்கள் இருக்கும் ஊரிலிருந்து எடுத்துப் பார்க்கலாம். மகாராஷ்டிரா என்றால் 7/12 மட்டும் போதாது, மோஜனி வரைபடத்தையும் கேளுங்கள்.

5. படத்தில் எழுதிய அளவை விற்பவர் தன் லெட்டர்ஹெட்டில் எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தருவாரா? 2016ஆம் ஆண்டு ரெரா சட்டத்தின் 12ஆவது பிரிவு, விளம்பரத்தில் உள்ள பொய்யான தகவலை நம்பிப் பணம் கட்டி நஷ்டப்பட்டவருக்கு ஈடு தர வேண்டும் என்கிறது. படத்தைப் பத்திரமாக எடுத்து வையுங்கள். எந்தத் தேதியில் யார் அனுப்பியது என்பதோடு சேர்த்து.

படம் எடுக்கும் தம்பிகளுக்கும் ஒரு வார்த்தை. உங்கள் பிழைப்பில் மண்ணைப் போடுவது என் நோக்கமில்லை. படத்தின் ஓரத்தில் ஒரு வரி எழுதுங்கள்: "ஒற்றைப் படம், லென்ஸ் திருத்தம் மட்டும், அளப்பதற்கு அல்ல." வாடிக்கையாளர் கோடு போடச் சொன்னால் அளந்த புள்ளிகளைக் கேளுங்கள். இலவசமாகக் கிடைக்கும் ஓபன்டிரோன்மேப்பிலேயே ஆர்த்தோ படம் செய்யலாம். கூடுதல் வேலைதான், கூடுதல் கூலி கேளுங்கள். நியாயமான கூலி.

வங்கியிலும் மனைப் பிரிவுகளிலும் டிரோன் படம் இனி கூடத்தான் செய்யும். வரட்டும். நல்ல சர்வேயர் கையில் அது நாலு பேர் நாலு நாள் செய்யும் வேலையை ஒரு காலையில் முடித்துக் கொடுக்கும். நான் கேட்பது ஒன்றுதான். திருத்தியது எது, திருத்தாதது எது என்று படத்தின் மேலேயே எழுதிக் கொடுங்கள். எழுதாத வரைக்கும், அதை நம்பி ஒரு ரூபாய்கூட அட்வான்ஸ் அனுப்பாதீர்கள். கூடப்பிறந்தவர்களோடும் பக்கத்து வீட்டுக்காரரோடும் சண்டைக்கும் போகாதீர்கள். ஊரில் டேப் பிடிக்க இரண்டு பேர் இன்னும் இருக்கிறார்கள். போன் போட்டால் வருவார்கள்.